கசப்பு, துவர்ப்பு, புளிப்பு: மது ருசி குறித்து வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் வெளியான கைவினை பீர் பற்றிய கட்டுரையைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன: பிறர் வானளாவப் புகழும் ஒரு பானம் எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? ருசி அவரவர் உரிமை என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒரு பானம் பிடிக்காமல் போவதற்கு நாக்கு, மூக்கு, மூலப்பொருள், கடைக்காரர் அதை வைத்திருந்த இடம் என்று பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்த பிறகு சொல்லப்படும் விருப்பத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நம்புகிறேன்.

கேள்வி: பாகற்காய்ப் பொரியலை விரும்பிச் சாப்பிடுபவன் நான். ஆனால் அலுவலக நண்பர்கள் கொண்டாடும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பீரை இரண்டு வாய்க்கு மேல் என்னால் குடிக்க முடிவதில்லை. என் நாக்கில் ஏதேனும் குறையா?
— வாசகர், பெங்களூரு

பதில்: குறை எதுவும் இல்லை. கசப்பை உணர மனித நாக்கில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன; பாகற்காயின் கசப்பு தட்டும் கதவும் பீரில் சேர்க்கும் ஹாப் பூவின் கசப்பு தட்டும் கதவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஏற்பிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பதும் பழைய செய்திதான். 1931-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. அருகிலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. பரம்பரையாக வரும் அந்த வேறுபாட்டைப் பற்றிய ஆய்வுகள் அன்று தொடங்கின.

உங்கள் நாக்கை மட்டுமே காரணமாக்கவும் நான் தயாராக இல்லை. ஹாப் பூவிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள், பார்லிச் சாற்றோடு சேர்ந்து கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அதே பூவை அடுப்பை அணைக்கும் தறுவாயிலோ, நொதித்தல் நடக்கும் கலனிலோ சேர்த்தால் கசப்பு அதிகம் ஏறாமல் எலுமிச்சை, மாம்பழம், பைன் மரப்பிசின் போன்ற மணங்கள் மட்டும் இறங்குகின்றன. ஆகவே ஹாப் மிகுந்த பீர் எல்லாம் கசந்தே தீரும் என்பதில்லை. பீரின் கசப்பை அளக்க ஐபியு என்ற அலகு உண்டு. கடையில் கிடைக்கும் வழக்கமான லாகர் வகை பீர் பெரும்பாலும் 10 முதல் 20 வரை நிற்கும். ஐபிஏ 40-இல் தொடங்கி 70 வரை செல்லும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய கலங்கல் ஐபிஏ, பழச்சாறு போன்ற மணத்தோடு நாக்கில் மென்மையாக இறங்கும். தாமே பீர் வடித்து விற்கும் உங்கள் ஊர் ப்ரூபப்புகளில் அது அடிக்கடி கிடைக்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஹாப்பின் மணம் வாரக்கணக்கில் மங்கிவிடும். கசப்போ பெருமளவுக்கு அப்படியே தங்கும். கடை அலமாரியில் ஐந்தாறு மாதம் நின்ற ஐபிஏவைக் குடிப்பவருக்கு மணம் போய் வெறும் கசப்பு மட்டுமே மிஞ்சுகிறது. புட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு நாளைப் பார்க்காமல் இந்த வகையை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிதாக, மணத்தோடு, நல்ல இடத்தில் குடித்தும் பிடிக்கவில்லையென்றால் நண்பர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஐபிஏ என்ற பெயரில் இந்தியா இருக்கிறதே, அது நம் நாட்டில் பிறந்த பீரா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பிறந்தது இங்கிலாந்தில். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்காக லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையும், பின்னர் பர்ட்டன் நகர ஆலைகளும் ஹாப் மிகுந்த வெளிர் பீரைக் கப்பலேற்றி அனுப்பின. பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம்; அதிலுள்ள சல்பேட், ஹாப்பின் கசப்பைக் கூர்மையாக எடுத்துக் காட்டும். 1842-இல் செக் நாட்டுப் பில்சன் நகரில் யோசப் க்ரோல் வடித்த பொன்னிற லாகர் மென்மையாக அமைந்ததற்கு, உப்புகள் மிகக் குறைந்த அந்த ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். இன்று நாம் ஐபிஏ என்று குடிப்பது பெரும்பாலும் அமெரிக்க வார்ப்பு. 1972-இல் வெளியிடப்பட்ட கேஸ்கேட் என்ற ஹாப் வகையும், அதைக் கொண்டு 1980-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் வடிக்கப்பட்ட சியரா நெவாடா பேல் ஏலும் அதற்கு வழி வகுத்தன.

கேள்வி: பெங்களூரு சென்றிருந்தபோது ஒரு ப்ரூபப்பில் கோதுமை பீர் குடித்தோம். வாழைப்பழ வாசனை தூக்கலாக இருந்தது. எசன்ஸ் கலக்கிறார்கள் என்று என் கணவர் உறுதியாகச் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, சென்னை

பதில்: ஒரு துளி எசன்ஸும் தேவையில்லை. பவேரிய பாணிக் கோதுமை பீருக்கென்று தனி ஈஸ்ட் இருக்கிறது. அது நொதிக்கும்போதே ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரை உண்டாக்குகிறது. வாழைப்பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மமும் அதுதான் என்பதால் உங்கள் கணவரின் மூக்கு மிகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. கூடவே கிராம்பு வாசனையும் வந்திருக்க வேண்டும். அதுவும் அந்த ஈஸ்ட்டின் கைவரிசையே. கலனின் சூடு கூடினால் பொதுவாக வாழைப்பழம் முந்தும்.

பவேரியாவில் 1516-இல் பிறப்பித்த ஆணைப்படி பீரில் பார்லி, ஹாப், தண்ணீர் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. கோதுமையை ரொட்டிக்கென்று காக்க வேண்டியிருந்தது. பிற்பாடு கோதுமை பீர் வடிக்கும் உரிமை ஆட்சிக் குடும்பத்தின் கையில் நெடுங்காலம் இருந்தது. 1872-இல் கேயார்க் ஷ்னைடர் என்ற பீர் வடிப்பாளர் அந்த உரிமையைப் பெற்ற பிறகே அது மீண்டும் தழைத்தது.

வீட்டில் புட்டியிலிருந்து ஊற்றுவதாக இருந்தால் ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். உயரமான கண்ணாடிக் குவளையைக் குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து, பீரைக் குவளையின் சுவரோடு மெதுவாக இறக்குங்கள். புட்டியில் இரண்டு விரற்கடை மிஞ்சும்போது நிறுத்தி, புட்டியை மெல்லச் சுழற்றுங்கள். அடியில் படிந்திருக்கும் வெண்மையான ஈஸ்ட் கலங்கி எழும். அதையும் குவளையின் நடுவில் ஊற்றினால் நுரை மேலே குடையாக விரியும், நிறம் மங்கிய ஆரஞ்சாக மாறும். அந்தக் கலங்கலில்தான் இந்த பீரின் உடலும் மணமும் இருக்கின்றன. தெளிவாக இருக்க வேண்டுமென்று அதை விட்டுவிடுபவர்களைக் கண்டால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

கேள்வி: கறுப்பு பியர் என்றாலே கடுமையானது என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். லயன் ஸ்டவுட்டுக்கு அது பொருந்துகிறது. ஆனால் லண்டனில் குடித்த கின்னஸ் மிக இலேசாக இருந்ததே?
— வாசகர், நுவரெலியா

பதில்: நிறத்துக்கும் போதைக்கும் தொடர்பில்லை. கருக வறுத்த தானியத்திலிருந்து கருநிறம் வருகிறது. நொதித்த சர்க்கரையின் அளவிலிருந்து ஆல்கஹால் வருகிறது. டிராஃப்ட் கின்னஸில் ஆல்கஹால் சுமார் 4.2 விழுக்காடு மட்டுமே, அதாவது பல வெளிர் லாகர்களைவிடக் குறைவு. அதன் பட்டுப் போன்ற வழவழப்பு நைட்ரஜன் வாயுவின் நுண்குமிழிகளால் வருவது. லயன் ஸ்டவுட் 8.8 விழுக்காடு. உங்கள் ஊரில் பிறந்து பிறகு பியகமவுக்கு இடம்பெயர்ந்த ஆலையின் பியர் அது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் அதைத் தேடி வந்து குடித்துப் புகழ்ந்த பின்னர் வெளிநாட்டு ரசிகர்களிடம் அதற்குப் பெரிய பெயர் ஏற்பட்டது. வறுத்த காப்பியும் கறுத்த வெல்லப்பாகும் கசப்புச் சாக்லேட்டும் கலந்த அதன் சுவையை உறைகுளிரில் குடித்து வீணாக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்தபின், சிறிய குவளையில் ஊற்றி, இருவர் பகிர்ந்து குடிப்பது நல்லது.

கேள்வி: ஒரே நிறுவனத்தின் பீர் கடைக்குக் கடை வேறு ருசியில் இருக்கிறது. போலியா?
— வாசகர், மதுரை

பதில்: வெயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹாப்பின் கசப்புப் பொருள் மீது ஒளி பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகி, கெட்ட வாடை வீசும். பழுப்புப் புட்டி ஒளியைப் பெரிதும் தடுக்கும். பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. வெக்கையில் அடுக்கிவைத்த பெட்டிகளில் பீர் விரைவாக முதுமை அடைந்து ஈர அட்டைபோல் மணக்கும். கேன் கிடைத்தால் கேனை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கம்பம் பன்னீர் திராட்சையில் வீட்டில் செய்த ஒயின் மணமாக இருக்கிறது, ஆனால் உணவகங்களில் தரும் சிவப்பு ஒயின் வாயை இழுத்துப் பிடிக்கிறது. உண்மையான ஒயின் ருசி எது?
— திராட்சை விவசாயி, தேனி மாவட்டம்

பதில்: இரண்டும் உண்மைதான், ஐயா, திராட்சை வேறு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் குடும்பத்துக்கே உரிய ரோஜா மணம் அதில் இருக்கிறது. பழமாகத் தின்பதற்கே உலகில் அதிகம் பயிரிடப்படுவது. அதிலிருந்து வரும் ஒயின் மணத்தால் ஈர்க்கும், வாயில் மென்மையாக இருக்கும். உணவகத்தில் நீங்கள் குடித்தது கேபர்னே சாவின்யோன் அல்லது ஷிராஸாக இருக்கலாம். அவற்றின் தோலிலும் விதையிலும் துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி. அந்த டானின் நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரட்டிவிடுவதால் நாக்கின் வழுவழுப்புப் போய் வாய் வறள்கிறது. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் ஏற்படும் துவர்ப்பும் இதே வழியில் வருவதே.

துவர்ப்பான ஒயினைத் தனியாகக் குடித்தால் கடினமாகத்தான் இருக்கும். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோடு குடித்தால் அது வாயைத் துடைத்து அடுத்த கவளத்துக்கு ஆயத்தமாக்கும். ஆனால் நம் ஊர்க் காரக்குழம்போடும் மிளகாய் தூக்கலான வறுவலோடும் அதைச் சேர்க்காதீர்கள். டானினும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். அத்தகைய உணவுக்கு ஜெர்மனியின் மொசெல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் வெள்ளை ஒயினை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். காபினெட் என்று குறித்த இனிப்பு வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 விழுக்காட்டளவில்தான் இருக்கும். மெல்லிய இனிப்பு காரத்தைத் தணிக்க, கூர்மையான புளிப்பு எண்ணெயை அறுக்கும். விலையும் கிடைப்பதும் தடையாக இருந்தால் நாசிக்கின் செனின் பிளாங்க் வெள்ளை ஒயின் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். சற்றே இனிப்பான ஒயின் குடிப்பவரை விவரம் தெரியாதவர் என்று பார்க்கும் வழக்கம் ஒன்று நகரங்களில் இருக்கிறது. அதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

கேள்வி: விருந்துகளில் விலை மலிந்த ஒயினைக் கொண்டுபோகக் கூச்சமாக இருக்கிறது. விலைக்கும் ருசிக்கும் உறவு உண்டா?
— வாசகி, டொராண்டோ

பதில்: ஓரளவு உண்டு, விலைச்சீட்டைப் பார்த்தபின் நாம் உணரும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் விலையை மறைத்து நடத்திய சுவைப்புகளில் 6,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் திரட்டி 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி இல்லாதவர்கள் விலையுயர்ந்த ஒயினைச் சற்றே குறைவாகவே விரும்பினார்கள் என்று காட்டியது. பயிற்சி பெற்றவர்களும் ஏமாறக்கூடியவர்களே. போர்தோ நகரில் ஒயினியல் பயிலும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள் என்று 2001-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் ஏற்பாடு செய்த சுவைப்பில், பெயரை மறைத்துக் கொடுத்தபோது பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் சிவப்பையும் ஷாட்டோ மாண்டலீனா வெள்ளையையும் முதலிடத்தில் வைத்தார்கள்.

மூக்குகளும் ஒன்றுபோல் இல்லை. ஷிராஸ் ஒயினில் மிளகு மணக்கிறது என்பார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்று கண்டறிந்தார்கள்; நம் அஞ்சறைப் பெட்டி மிளகிலும் அதே பொருள் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பொருளின் மணமே தெரிவதில்லை. ஒரே குவளையிலிருந்து நீங்களும் உங்கள் தோழியும் இரு வேறு ஒயின்களைக் குடிக்கிறீர்கள் என்றே கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்ததைக் கொண்டுபோய், ஏன் பிடிக்கிறது என்று சொல்லி ஊற்றிக் கொடுங்கள்.

கேள்வி: உணவகத்தில் திறந்த ஒயின் புட்டியில் நனைந்த செய்தித்தாள் வாடை அடித்தது. திருப்பிக் கொடுப்பது நாகரிகமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். கார்க்கிலிருந்து இறங்கும் டிசிஏ என்ற பொருளால் வரும் கேடு அது. மிகமிக நுண்ணிய அளவே பழமணத்தை முழுதும் அடக்கிவிடும். உடலுக்குத் தீங்கு இல்லை. முதலில் சிறிதளவு ஊற்றி முகர்ந்து பார்க்கத் தருவதே இதற்காகத்தான்.

கேள்வி: புகை நாற்றமடிக்கும் ஸ்காட்ச் விஸ்கியை எப்படி ரசிக்கிறார்கள்? அதில் தண்ணீர் கலப்பது தவறு என்கிறார்களே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் முளைகட்டிய பார்லியை, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். அப்போது தானியத்தில் ஏறும் ஃபீனால் சேர்மங்கள்தாம் உங்களுக்கு மருத்துவமனையை நினைவூட்டுகின்றன. லஃப்ரோய்க் என்ற புகை மிகுந்த ஐலா விஸ்கியிலிருந்து தொடங்கியவர்கள் பலர் மிரண்டு ஓடியிருக்கிறார்கள். பெங்களூரு அம்ருத் ஆலையின் ஃபியூஷன், இந்தியப் பார்லியையும் புகையூட்டிய ஸ்காட்லாந்துப் பார்லியையும் கலந்து செய்வது. புகைக்குப் பழக அது நல்ல வாசல். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகும் இடத்தில் பெங்களூரு வெப்பத்தில் 10-க்கும் மேல் போய்விடுவதால், சில ஆண்டுகளிலேயே மரத்தின் சாரம் அதில் அடர்த்தியாக ஏறுகிறது.

தண்ணீர் தவறே இல்லை. புகைமணம் தரும் குவையகால் என்ற பொருள், ஆல்கஹால் அளவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-இல் கணினி வழியே காட்டினார்கள். ஒரு தேக்கரண்டியில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்து முகருங்கள்; மணம் திறக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சோடாவை நிரம்ப ஊற்றினால் பிறகு பேசுவதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டுத் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

பதில்: வேண்டாம், ஐயா. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்தாக எண்ணி மதுவைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: பெல்ஜியத்தின் புளித்த பீரைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறீர்கள். எங்கள் ஊர்த் தவறணையில் (கள்ளுக்கடையில்) பிளாவில் (பனையோலைக் குவளையில்) குடித்த பனங்கள்ளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கள் உங்களுக்கு இளக்காரமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எனக்குக் கள்மீது இளக்காரம் இல்லை. பெல்ஜியத்தின் லாம்பிக் பீரை நான் நேசிப்பதற்கான காரணங்கள் அத்தனையும் கள்ளுக்கும் பொருந்தும்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில், கொதித்த தானியச் சாற்றைக் கூரையடியில் உள்ள அகன்ற தட்டையான செம்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுதும் திறந்தே வைக்கிறார்கள். எவரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்தின் மரங்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமே இறங்கி நொதிக்கவைக்கின்றன. குளிர் மாதங்களில் மட்டுமே இது நடக்கும். பிறகு மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுள்ளவற்றைக் கலந்து புட்டியில் அடைத்தால் அது கெஸ். எலுமிச்சைபோல் புளித்து, பழைய மரமும் வைக்கோலும் மணக்கும் அதைச் சுவைக்க உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கள்ளிலும் எவரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பாளையைச் சீவி முட்டி என்னும் கலயத்தைக் கட்டியவுடன், சொட்டும் இனிப்பு நீரில் காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அந்த நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீராக, எங்கள் பக்கத்துப் பேச்சில் பதநீராக, இறங்குகிறது, தடவாவிட்டால் கள். பெல்ஜியத்தில் மூன்றாண்டில் நடப்பது பனையுச்சியில் சில மணி நேரத்தில் நடக்கிறது. அதிகாலையில் இறக்கியது இனிப்பும் நுரையுமாக இருக்கும். முற்பகலில் இனிப்பும் புளிப்பும் சமநிலைக்கு வரும். எனக்கு அந்த வேளைக் கள்தான் பிடிக்கும். மாலையில் புளிப்பு ஓங்கி, மறுநாள் வினிகரை நோக்கிப் போய்விடும். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் ருசி மாறும். இத்தனை நுட்பமான வேறுபாடுகள் ஒயினில் இருந்தால் அதற்கென்று பள்ளிக்கூடம் நடத்துவார்கள்.

இந்த ருசியைப் பற்றிய எழுத்து தமிழில் அருகிப்போனதற்கு என் பக்கத்துச் சூழலும் காரணம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை விற்பனையை நடத்துகிறது. அங்கே பிராந்தியும் விஸ்கியும் சட்டப்படி கிடைக்க, கள் மட்டும் குற்றமாக இருக்கிறது. கள்ளை முறைப்படுத்தி, கலப்படத்தைக் கண்காணித்து அனுமதிப்பதே சரி என்று நான் கருதுகிறேன். ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கள்ளின் ருசியே தெரியாதவர்கள் இங்கு வளர்ந்துவிட்டார்கள். பாளை சீவும் கைத்திறனும் அவர்களோடு சேர்ந்து அருகிவருகிறது.

உங்கள் கடிதத்தில் பனைக்கும் தென்னைக்கும் உள்ள ருசி வேறுபாட்டை அழகாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பனங்கள்ளில் கனமும் சற்றே மண்மணமும், தென்னங்கள்ளில் தெளிவும் இலேசான இனிப்பும் என்று. அதை இன்னும் விரிவாக, எந்த மாதத்தில் எந்த மரத்துக் கள் எப்படி இருக்கும், ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் என்ன வேறுபாடு, தவறணைக்கு வருபவர்கள் எதை வைத்து நல்ல கள் என்று தீர்மானிக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கு ஒதுக்க ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.